லாக்கப்பிலும் கிளைச்சிறையிலும் உயிர் போகாமல் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெரிய சிறைகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். காவல் நிலைய லாக்கப், நீதிமன்றத்தின் பின்பக்கம் இருக்கும் அடைப்பறை, முப்பது நாற்பது பேரை வைக்கும் கிளைச்சிறை போன்றவற்றைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை, உள்ளே ஒருவர் இறந்துபோகும் நாள் வரை. ஆனால் உயிருக்கு ஆபத்து அதிகம் இந்தச் சின்ன இடங்களில்தான். பெரிய சிறைக்கு ஒருவர் போய்ச் சேரும்போது அவரைப் பற்றிய நாலு காகிதமாவது கூடவே போகும். லாக்கப்புக்கு வருகிறவர் தெருவிலிருந்து நேராக வருகிறார். குடித்திருக்கிறாரா, தலையில் அடிபட்டிருக்கிறதா, இன்சுலின் போடுகிறவரா, வலிப்பு வருமா, யாருக்கும் தெரியாது. பக்கத்தில் மருத்துவர் கிடையாது. காவலுக்கு உட்கார்ந்திருப்பவரும் அந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர் அல்லர், அன்றைக்கு முறை வந்ததால் உட்கார்ந்திருப்பவர். "நாளைக்கே போய்விடுகிறவர்தானே" என்ற எண்ணத்தால் அந்த அறையைச் சீர்படுத்த யாரும் பணம் ஒதுக்குவதுமில்லை.

அடித்துக் கொல்வது கொலை. அதற்கு வழிகாட்டி தேவையில்லை, வழக்குதான் தேவை. ஆனால் யாரும் கை வைக்காமலே நிகழும் சாவுகளும் பல. போதையில் தூங்குவதாக நினைக்கப்பட்டவருக்கு மூளையில் ரத்தம் கசிந்திருக்கும். அமைதியாக இருந்தவர் விடிவதற்குள் தன்னை மாய்த்துக்கொண்டிருப்பார். பதிவேட்டைப் புரட்டினால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் "நலமாக உள்ளார்" என்று எழுதியிருக்கும், எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே நேரத்தில் எழுதப்பட்டதாக. எழுதியவர் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் படிகள் பெரும்பாலும் அந்த ஒன்றைச் சரிசெய்வதற்காகத்தான்: உள்ளே இருப்பவரை ஒரு மனிதர் உண்மையாகவே பார்க்கும்படி செய்வது.

நிலையப் பொறுப்பாளருக்கும், மேலதிகாரிக்கும், பார்வையிடச் செல்லும் குழுவினருக்கும், வழக்கறிஞருக்கும் இது பயன்படும். உள்ளே யாரையாவது விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கும் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

முதல் படி: இவருடைய உயிருக்கு யார் பொறுப்பு?

அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒரு பெயர் வர வேண்டும். "எல்லோரும்தான்" என்று பதில் வந்தால் யாருமே இல்லை என்று பொருள். அந்தப் பெயருக்கு உரியவர் வழக்கை விசாரிக்கும் அதிகாரியாக இருக்கவும் கூடாது. வாக்குமூலம் வேண்டும் என்று நினைப்பவரிடமே தண்ணீர், தூக்கம், மருத்துவர் பற்றிய முடிவுகளை விடுவது ஆபத்து. இங்கிலாந்து, வேல்ஸில் 1984-இல் வந்த காவல்துறை, குற்றச் சாட்சியச் சட்டம் இதைப் பிரித்துவிட்டது. அங்கே காவலில் இருப்பவரின் நலனுக்கென்று தனி அதிகாரி உண்டு. விசாரணை அதிகாரி அவரிடம் கேட்டுத்தான் கைதியை அழைத்துப் போக முடியும். இன்னும் பிடித்து வைக்க வேண்டுமா என்பதை முதல் 6 மணி நேரத்துக்குள்ளும், பிறகு 9 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மறுபடி பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 8 மணி நேர ஓய்வும் கொடுக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் சட்டம் அப்படிச் சொல்லாவிட்டாலும், பொறுப்பாளரின் பெயரை ஒரு பலகையில் எழுதி மாட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இரண்டாம் படி: உள்ளே எடுப்பதற்கு முன்

இருப்பதிலேயே முக்கியமான படி இது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நினைவிழந்தவரை, எழுப்பினால் எழாதவரை, மூச்சுத் திணறுபவரை, ரத்தம் நிற்காதவரை, தலையில் பலமாக அடிபட்டவரை உள்ளே எடுக்கவே கூடாது. அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மேலதிகாரியே கொண்டுவந்து நிறுத்தினாலும் மறுக்கும் அதிகாரம் பொறுப்பாளருக்கு இருக்க வேண்டும். அதை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கொடுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தனியாக இருக்கும் இளநிலைக் காவலர் அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் தன் நிலையில் நிற்க முடியும்.

உள்ளே எடுத்தால், வழக்கு விவரத்துக்கு முன்பே உடல்நலக் கேள்விகளைக் கேளுங்கள். மற்ற கைதிகளும், அழைத்து வந்தவர்களும் காதில் கேட்காத தூரத்தில் வைத்துக் கேட்க வேண்டும். எல்லோர் முன்னாலும் "எச்.ஐ.வி. இருக்கா?" என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்?

- எங்காவது வலிக்கிறதா, அடிபட்டிருக்கிறதா, தலையில் அடி உண்டா?
- தினமும் சாப்பிடும் மாத்திரை, போடும் ஊசி எது? கடைசியாக எப்போது?
- குடிப்பழக்கம் உண்டா, தினமுமா? கடைசியாக எப்போது? வேறு போதைப்பொருள்?
- வலிப்பு, சர்க்கரை, இதயநோய், ஆஸ்துமா, காசநோய் உண்டா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா?
- பெண் என்றால், கர்ப்பமா, வீட்டில் பால்குடிக்கும் குழந்தை இருக்கிறதா?
- செத்துப்போகலாம் என்று இப்போது தோன்றுகிறதா? முன்பு முயன்றதுண்டா?

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம். அது நடப்பதில்லை. நேராகக் கேட்கும்போது பலர் நேராகவே சொல்லிவிடுகிறார்கள், யாரோ ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதலில்.

குடி பற்றிய கேள்விக்கும் காரணம் உண்டு. நாள்தோறும் அதிகம் குடித்தவருக்குத் திடீரென்று நின்றால் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து, உடல் கொதித்து, உயிரே போகும் நிலை வரலாம். இதை நடிப்பு என்றோ திமிர் என்றோ எண்ணி அடிப்பது அடிக்கடி நடக்கிறது. அவருக்கு வேண்டியது மருந்து. அதேபோல், சட்டைப் பையிலிருந்து எடுத்த மாத்திரை பறிமுதல் பெட்டியில் கிடக்க, உரியவர் வலிப்பில் துடிக்கும் நிலையும் வரக்கூடாது. மருத்துவர் ஒருவரிடம் தொலைபேசியிலாவது கேட்டு, அதே நேரத்தில் அதே அளவில் கொடுங்கள்.

பிறகு உடலின் காயங்களைக் குறியுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்த மனித உருவப் படம் ஒன்றைப் பதிவோடு வைத்துக்கொண்டு, காயம் இருக்கும் இடம், அளவு, அவர் சொல்லும் காரணம் மூன்றையும் எழுதுங்கள். அடித்தார்கள் என்று அவர் சொன்னால் அதையும் அவர் சொன்னபடியே எழுத வேண்டும். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 7-ஆம் விதி கேட்பதும் இதைத்தான்: வந்த நாள், நேரம், கண்ணுக்குத் தெரியும் காயங்கள், முன்பு நடந்த துன்புறுத்தல் பற்றிய புகார், குடும்பத்தாரின் விவரம், உடைமைப் பட்டியல். நேர்மையாக வேலை செய்யும் காவலருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை. தான் பொறுப்பேற்பதற்கு முன்பே இருந்த காயத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டிவராது.

குடும்பத்துக்குத் தகவல், வழக்கறிஞர், மருத்துவர். ஐரோப்பிய சித்திரவதைத் தடுப்புக் குழு பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் மூன்று காப்புகள் இவை. மூன்றும் பிடித்த நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். தொலைபேசியில் யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று வெளியே யாருக்கும் தெரியாத அந்த முதல் சில மணி நேரத்தில்தான் மிக மோசமான காரியங்கள் நடக்கின்றன.

மூன்றாம் படி: பார்ப்பது என்றால் என்ன?

கதவின் துவாரம் வழியாக எட்டிப் பார்த்து, போர்வைக்குள் ஓர் உருவம் தெரிகிறது என்று எழுதுவது பார்ப்பதாகாது. மூச்சு ஏறி இறங்குகிறதா? முகம் எந்தப் பக்கம் இருக்கிறது? போனமுறை பார்த்த அதே நிலையில் அசையாமல் கிடக்கிறாரா?

போதையில் இருப்பவரைக் குறைந்தது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்ப வேண்டும் என்று இங்கிலாந்தின் காவல் விதித்தொகுப்பு சொல்கிறது. எழுப்புவது என்றால் பதில் வாங்குவது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தோளை லேசாக அசைத்தால் எழுகிறாரா என்று பார்க்க வேண்டும். உங்கள் பெயர் என்ன, வீடு எங்கே, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுச் சரியான பதில் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கண்ணைத் திறங்கள், ஒரு கையைத் தூக்குங்கள், இப்போது மறு கையை என்று சொன்னால் செய்கிறாரா என்பதும் முக்கியம். இவற்றில் ஒன்று தவறினாலும் உடனே ஆம்புலன்ஸ். சாராய வாடை அடிப்பவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், வலிப்பு வந்திருக்கலாம், பக்கவாதம் தாக்கியிருக்கலாம், மண்டைக்குள் ரத்தம் கசியலாம். வாடையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். படுக்க வைக்கும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் மூச்சுக்குழாயை அடைக்காது.

குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழ்ந்த மயக்கத்தில் நாக்கு சரிந்து மூச்சு அடைபடும்போது வரும் கரகரப்பும் குறட்டை போலவே கேட்கும். "நல்லா குறட்டை விட்டுத் தூங்கினாரே" என்பது சாவுக்குப் பிறகு வரும் வாக்குமூலங்களில் சொல்லப்படுகிற வாக்கியம்.

சுற்று வருவது ஒரே தாளத்தில் இருக்கக் கூடாது. மணி அடித்தால் வருவார், இன்னும் ஐம்பது நிமிடம் வரமாட்டார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிட்டால் காவல் பயனற்றது. முறை மாறும்போது, போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒவ்வொரு அறைக்கும் நடந்துபோய், ஆளைக் காட்டிப் பேசிவிட்டுத்தான் சாவிக்கொத்தைக் கைமாற்ற வேண்டும். மேசையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக்கொள்வது போதாது. கேமரா வேண்டும், கட்டாயம் வேண்டும், பதிவு அழியாமல் இருக்க வேண்டும். ஆனால் திரையில் தெரிகிறது என்று யாரும் நாற்காலியிலேயே இருந்துவிடக் கூடாது. மூச்சு நின்றுபோனது திரையில் தெரியாது.

நான்காம் படி: தனியாகப் போட்டு அடைக்காதீர்கள்

தற்கொலை ஆபத்து முதல் 24 மணி நேரத்தில் மிக அதிகம், முதல் வாரம் முழுக்க அதிகம். நீதிமன்றத்திலிருந்து கெட்ட செய்தியோடு திரும்பும் நாளும், மனைவியோ மகளோ பார்க்க வந்து அழுதுவிட்டுப் போன மாலையும் அப்படித்தான். முதன்முறை பிடிபட்டவர், அவமானத்துக்கு அஞ்சும் குடும்பத்திலிருந்து வந்தவர், போதை இறங்கும் நிலையில் இருப்பவர் ஆகியோரை முதலில் கவனியுங்கள். அதுவரை கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் நிம்மதி அடையாதீர்கள்.

இப்படிப்பட்டவரைத் துணியை உருவிவிட்டுத் தனி அறையில் அடைப்பது பழைய வழக்கம். அதைப் போலத் தவறான வழி வேறில்லை என்பது என் கருத்து. சாக நினைப்பவருக்கு அது இன்னொரு காரணம் கொடுக்கிறது. அவரை ஆள் நடமாட்டம் உள்ள அறையில், நம்பகமான ஒருவரோடு வையுங்கள். ஆபத்து அதிகம் என்றால் கண்ணெதிரே ஒரு காவலர் உட்காரட்டும், பேசட்டும், வீட்டுக்குத் தொலைபேசி செய்துகொடுக்கட்டும். அறையில் கயிறோ துணியோ மாட்டக்கூடிய இடங்கள் இல்லாமல் செய்வது கட்டுமான வேலை. அதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியவை இரண்டு: துணியை அறுக்கும் கத்தரிக்கருவி ஒன்றைச் சாவியோடு சேர்த்தே வைப்பது, காவலர் ஒவ்வொருவருக்கும் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைக் கற்றுக்கொடுப்பது. மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். மேலதிகாரி வரட்டும் என்று கதவைத் திறக்காமல் நின்றால் பயனில்லை.

தனிமை அடைப்பைத் தண்டனையாகக் கொடுப்பதற்கும் மண்டேலா விதிகள் எல்லை வகுத்திருக்கின்றன. அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்து வைப்பது தனிமை அடைப்பு. அது தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது. இருட்டறை கூடாது, உணவையும் தண்ணீரையும் குறைக்கவும் கூடாது.

ஐந்தாம் படி: அறை, காற்று, தண்ணீர்

ஒரு நாடா அளவுகோலோடு உள்ளே போங்கள். சில மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வைக்கும் காவல் நிலைய அறை 7 சதுர மீட்டர் அளவில் இருப்பது நல்லது, சுவருக்குச் சுவர் 2 மீட்டராவது, உயரம் 2.5 மீட்டர் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய சித்திரவதைத் தடுப்புக் குழு சொல்கிறது. சிறையில் பலர் சேர்ந்திருக்கும் அறை என்றால், கழிப்பறையைத் தவிர்த்துத் தலைக்கு 4 சதுர மீட்டராவது வேண்டும். பல இடங்களில் இது கனவு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அளந்து எழுதிவையுங்கள். "நெரிசலாக இருக்கிறது" என்ற மனு கோப்பில் தூங்கும். "ஒருவருக்கு 1.3 சதுர மீட்டர்" என்று அளந்து எழுதிய மனுவுக்கு நீதிபதி பதில் கேட்பார்.

இடத்தைப் பெருக்குவதைவிட ஆளைக் குறைப்பது எளிது, செலவும் குறைவு. கைது அவசியமே இல்லாத சின்ன வழக்குகள், ஜாமீன் கிடைத்தும் உத்தரவாதம் கொடுக்க ஆளில்லாமல் உள்ளே கிடப்பவர்கள், விசாரணை நாளுக்கு வாகனம் இல்லாமல் காலம் நீள்பவர்கள் என்று ஒரு பட்டியலை வாரந்தோறும் எடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். இதனால் மட்டுமே பல அறைகளில் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

காற்று எப்போதும் ஓட வேண்டும். பகலில் புத்தகம் படிக்கும் அளவுக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும். குடிக்கும் நீர், கேட்டுக் கெஞ்சாமல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கழிப்பறைக்கு மறைப்பு வேண்டும், கேமராவின் கண் அங்கே விழக்கூடாது. பெண்களுக்கு மாதவிடாய்த் துணியோ நாப்கினோ கேட்காமலே கிடைக்க வேண்டும். ஓர் ஆணிடம் போய் அதைக் கேட்கும் நிலையில் யாரையும் வைக்கக் கூடாது. ஒரு நாளுக்கு மேல் தங்குகிறவருக்குத் தினமும் ஒரு மணி நேரமாவது திறந்த வெளி.

உள்ளே இருக்கும் நோய் உள்ளேயே இருந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 1750-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். நியூகேட் சிறையிலிருந்து விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டவர்களோடு சிறைக்காய்ச்சலும் வந்தது. பேன் பரப்பும் டைஃபஸ்தான் அது. லண்டன் மேயரும் இரண்டு நீதிபதிகளும் அதில் இறந்தார்கள். இன்று அந்த இடத்தில் காசநோய் இருக்கிறது. காவலர் அதை வீட்டுக்கும் கொண்டுபோவார், தன் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்.

ஆறாம் படி: தீ

இதைப் பலர் மறந்தே போகிறார்கள். 2010 டிசம்பரில் சிலி நாட்டின் சான் மிகேல் சிறையில் தீப்பிடித்து 81 பேர் இறந்தார்கள். 2012 பிப்ரவரியில் ஹோண்டுராஸின் கொமாயாகுவா சிறையில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் பூட்டிய கம்பிக் கதவுக்குப் பின்னாலேயே. இரண்டு இடங்களிலும் நெரிசல் இருந்தது. உங்கள் இடத்தில் இன்றிரவு ஒரு கேள்வி கேளுங்கள்: எல்லாச் சாவியும் எங்கே, இருட்டில் தொட்டே அடையாளம் காண முடியுமா, எல்லாக் கதவையும் திறக்க எத்தனை நிமிடம் ஆகும்? கடிகாரத்தை வைத்துத் திறந்து பாருங்கள். மாற்றுச் சாவிக்கொத்து இன்னோர் இடத்தில் இருக்க வேண்டும். எளிதில் எரிந்து விஷப்புகை கக்கும் நுரைமெத்தைகளை அகற்றுங்கள். புகைதான் முதலில் கொல்கிறது.

ஏழாம் படி: யாரை யாரோடு

பெண்கள் தனி, பெண் காவலரின் பொறுப்பில். சிறார் தனி. விசாரணைக் கைதியும் தண்டனைக் கைதியும் தனி. இது எல்லோருக்கும் தெரிந்ததே, நடைமுறையில் நழுவுவது இரவு நேரத்தில்தான். பெண் காவலர் இல்லாத இரவில் பெண்ணை அங்கே வைக்கவே கூடாது. திருநங்கை, திருநம்பியரிடம் எங்கே இருந்தால் பாதுகாப்பாக உணர்வார்கள் என்று கேளுங்கள், சோதனையையும் யார் செய்வது என்று கேட்டுச் செய்யுங்கள். கைதி ஒருவரை மற்றவர்களுக்கு மேஸ்திரியாக்கி ஒழுங்கை அவர் கையில் கொடுக்காதீர்கள். அறைக்குள் கப்பம் வாங்குவதும் பாலியல் வன்முறையும் அந்த ஏற்பாட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கும், பிள்ளை பெற்ற உடனேயும் விலங்கு பூட்டக் கூடாது என்பது மண்டேலா விதிகளிலும், பெண் கைதிகளுக்கென்று ஐ.நா. 2010-இல் ஏற்ற பாங்காக் விதிகளிலும் தெளிவாக இருக்கிறது.

எட்டாம் படி: கட்டுப்படுத்தும்போது

திமிறும் ஒருவரை நாலு பேர் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி அமுக்கினால் அவரால் மூச்சு இழுக்க முடியாது. மூச்சுக்காக அவர் திமிறுவதை எதிர்ப்பு என்று நினைத்து இன்னும் அமுக்குவார்கள். சாவு அப்படித்தான் நேர்கிறது. விலங்கு பூட்டியவுடன் குப்புறக் கிடப்பவரைத் திருப்பிவிட வேண்டும் என்று அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவு 1995-லேயே காவலர்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. உடனே ஒருக்களிக்கவோ உட்காரவோ வையுங்கள். கை காலைச் சேர்த்துப் பின்னால் கட்டாதீர்கள். "மூச்சு விட முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதை நம்புங்கள். பிடிக்கிற நாலு பேரைத் தவிர, அவருடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஐந்தாவதாக ஒருவர் வேண்டும்.

ஒன்பதாம் படி: வெளியிலிருந்து வரும் கண்

1981-இல் லண்டன் பிரிக்ஸ்டன் கலவரத்தை விசாரித்த ஸ்கார்மன் அறிக்கை, காவல் நிலையங்களைச் சாதாரணக் குடிமக்கள் சொல்லாமல் வந்து பார்க்கும் ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. அது பிறகு 2002-இல் சட்டமானது. அதே ஆண்டில் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையை, அதாவது நாடுகள் விரும்பினால் சேரும் துணை ஒப்பந்தத்தை, ஐ.நா. ஏற்றது. அதில் சேர்ந்த நாடுகள் சுதந்திரமான தடுப்பு அமைப்பு ஒன்றை வைத்து, அடைப்பிடங்களை எல்லாம் பார்வையிட வேண்டும்.

பார்வையிடப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சொல்லிவிட்டுப் போனால் புதுச் சுண்ணாம்பின் வாசம்தான் கிடைக்கும். பதிவேட்டையும் ஆளையும் ஒப்பிடுங்கள்; பதிவேட்டில் இல்லாத ஆள் அறையில் இருந்தால் அதுதான் உங்கள் முதல் கேள்வி. கைதியிடம் தனியாகப் பேசுங்கள். ஒருவரோடு மட்டும் பேசினால் புகார் சொன்னது அவர்தான் என்று தெரிந்துவிடும், எல்லோரோடும் சமமான நேரம் பேசுங்கள். பேசியவருக்குப் பிறகு எதுவும் ஆகவில்லையே என்று பார்க்க மறுபடி ஒருமுறை போங்கள். முடிந்தால் பூட்டப்பட்ட அறைகளையும், பயன்பாட்டில் இல்லை என்று சொல்லப்படும் அறைகளையும் திறந்து பாருங்கள். காவலர்களிடமும் பேசுங்கள். எத்தனை மணி நேரமாக வேலையில் இருக்கிறார், சாப்பிட்டாரா, பயிற்சி கிடைத்ததா? பதினாறு மணி நேரம் தூங்காதவரால் இன்னொருவரின் மூச்சைக் கவனிக்க முடியாது.

இறப்பு நேர்ந்துவிட்டால்

அறையைப் பூட்டி முத்திரையிடுங்கள். கழுவாதீர்கள். கேமராப் பதிவைத் தனியே எடுத்துப் பாதுகாத்துவிடுங்கள். அந்த நிலையத்தைச் சேராத அதிகாரியிடம், நீதித்துறையிடம் உடனே சொல்லுங்கள். குடும்பத்துக்கு முதல் செய்தி தொலைக்காட்சியிலிருந்து போகக் கூடாது, பொறுப்பான ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சாகாமல் தப்பிய நிகழ்வுகளையும் இதே கவனத்தோடு எழுதிவையுங்கள். போன மாதம் சரியான நேரத்தில் கதவைத் திறந்ததால் பிழைத்தாரே, அவருடைய கதையில்தான் அடுத்தவரைக் காப்பாற்றும் விவரம் இருக்கிறது.

கடைசிப் படி: வெளியே விடும்போது

1773-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு வட்டாரத்து ஷெரீஃபாகப் பொறுப்பேற்ற ஜான் ஹோவர்டு, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்களும் சிறைக்காவலருக்குக் கட்டணம் கட்ட முடியாமல் உள்ளேயே கிடப்பதைக் கண்டார். சிறைச் சீர்திருத்தத்தில் அவரை இறக்கியது அந்தக் காட்சிதான். விடுதலை என்பது கதவைத் திறப்பதோடு முடிவதில்லை.

உடைமைகளைப் பட்டியல் வைத்துச் சரிபார்த்துக் கொடுங்கள். எஞ்சிய மாத்திரைகளை, மருந்துச் சீட்டோடு கொடுங்கள். ஹெராயின் போன்ற போதைக்குப் பழகியிருந்தவர் சில நாள் உள்ளே இருந்தாலே உடலின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவையே எடுத்தால் இறந்துபோகலாம். வெளியே வந்த முதல் இரண்டு வாரம் அந்த ஆபத்து மிக அதிகம். இதை அவரிடமும், அழைத்துப்போக வந்தவரிடமும் சொல்லுங்கள். அத்தகைய போதை அளவு மீறும்போது அதை முறிக்கும் மருந்தான நலாக்சோன் கிடைக்கும் இடமென்றால் கையில் கொடுத்து அனுப்புங்கள். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தவரை வீட்டில் ஒருவர் கையில் ஒப்படைக்காமல் விடாதீர்கள். நள்ளிரவில் யாரையும் வெளியே தள்ளாதீர்கள். அவர் விரும்பினால் விடியும்வரை பூட்டாத அறையில் இருக்கட்டும். போகும்போது கைபேசியில் சார்ஜ் இருக்கிறதா, ஊர்போய்ச் சேர வழிச்செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள்.